தோட்டத்து எல்லைக்கு அப்பால்

பகாவ் என்னும் ஊரின் பெயரைக் கேளாத மலேசியத் தமிழர் மிகச் சிலரே இருப்பர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில், நாற்புறமும் பால்மரத் தோட்டங்களும் பின்னாளில் செம்பனைத் தோட்டங்களும் சூழ வளர்ந்த ஊர் அது. தோட்டப் பாட்டாளிகளின் வாங்கும் திறனை நம்பி எழுந்த கடைத்தெருவும், தமிழ்ப்பள்ளிகளும், தோட்டத்து மாரியம்மன் கோயில்களும் அவ்வட்டாரத்தின் அடையாளங்கள். ஆயினும், அங்கிருந்து வாடகை வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றடையத்தக்க தாசிக் பெரா என்னும் சதுப்பு ஏரியை நேரில் கண்டவர் யாவர் என்று அவ்வூர்த் தமிழரிடையே வினவினால், விடை கூற முன்வருவோரைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தோட்டத்து வாழ்வு எல்லைக்குள் அடங்கிய வாழ்வு. விடியற்காலைப் பெரட்டு, வெட்டு மரம், பால் நிறுவை, லயத்து வீடு, சம்பளநாள் கடை என்று அதன் சுற்றுப்பாதை வகுக்கப்பட்டிருந்தது. எல்லைக்கல்லுக்கு அப்பால் காடு; காட்டில் புலி; புலியில்லாவிட்டால் பேய். பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட நிலவியல் அவ்வளவே. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் தமிழர்களேயாயினும், அழிக்கப்படாத காடு எவ்வாறிருக்கும் என்பதைக் கண்டு மகிழும் ஓய்வு அவர்களுக்கு என்றும் வாய்த்ததில்லை.

தாசிக் பெரா பகாங் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ளது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையொப்பமான உலக உடன்படிக்கையில் மலேசியா 1994இல் சேர்ந்தபோது, இந்நாட்டின் சார்பில் முதன்முதலாகப் பட்டியலில் இடம்பெற்ற நிலம் இதுவே. அதன் பரப்பு 38,446 எக்டர். ஏரி என்றதும் கரைகளுக்கிடையே விரிந்து கிடக்கும் ஒரே நீர்ப்பரப்பை எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். கிளைகளும் சிறுகிளைகளுமாகப் பிரியும் ஒரு மரத்தைத் தரையில் சாய்த்து வைத்தாற்போல் நீர்வழிகள் காட்டுக்குள் ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி மரங்களாலும் புதர்களாலும் கோரையாலும் மூடப்பட்டது. வானம் தெரியும் திறந்த நீர் மிகச் சிறிதே. இந்நீரெல்லாம் வடக்கு நோக்கி வடிந்து, பெரா ஆறாகிப் பகாங் ஆற்றில் கலக்கின்றது.

சொந்த வண்டி உடையவர்க்கும், பயண நிறுவனத்தாரிடம் பணம் கட்டிச் செல்பவர்க்கும் இவ்விடம் செல்வது எளிது. பேருந்தையும் இரயிலையும் நம்பி வாழ்பவர்க்கு அஃது அத்துணை எளிதன்று. ஏரிக்கரை வரை செல்லும் பேருந்து இல்லை. அருகிலுள்ள நகரம் வரை சென்று, அதன்பின் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். அவ்வாறு கேட்டுப் போகும் வழியையே இருவர் தேர்ந்துகொண்டனர். ஒருவர் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அப்போது அவருக்கு வயது 68. மற்றவர் அவரிடம் பயின்று, தாமும் ஆசிரியராகிவிட்ட இளைஞர். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பள்ளி விடுமுறையில் அவர்கள் புறப்பட்டனர். இரண்டு கொசுவலைகள், மூன்று கிலோ அரிசி, கருவாடு, தகரத்தில் அடைத்த சாடின் மீன், கைவிளக்கு, மழைக்குப் பெரிய நெகிழித்தாள் ஆகியவையே அவர்தம் மூட்டை.

இரவு இரயில். குளுவாங்கில் ஏறினால், கெமாஸ் நிலையத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேற்கே கோலாலம்பூர் நோக்கியும் மற்றொன்று பகாவ், மென்தகாப், குவா மூசாங் வழியாகக் கிளந்தான் மாநிலத்துத் தும்பாட் நோக்கியும் செல்லும். கிழக்குப் பாதை 1931இல் முழுமையடைந்தது. முழுமையடைந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களுள் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டு, சயாம், பர்மா எல்லைக் காட்டுக்குள் அவர்கள் அமைத்த பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தண்டவாளங்கள் மட்டுமா சென்றன? தோட்டங்களிலிருந்து தமிழர்களும் பல்லாயிரவராகக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, சென்றவர்களுள் எத்தனையோ பேர் காலராவுக்கும் பசிக்கும் இரையாகிவிட்டிருந்தனர். பகாவ் வட்டாரத்துக்கு அக்காலம் வேறொரு வகையிலும் கொடியதாக இருந்தது. சிங்கப்பூரில் உணவு பற்றாக்குறையானதால் அங்கிருந்த யுரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் ஜப்பானியர் பகாவ்க் காட்டில் குடியேற்றினர். மலேரியாவால் அவர்களுள் மிகப் பலர் மாண்டனர்; அவர்களோடு வந்த ஆயர் டெவால்சும் 1945இல் உயிர் துறந்தார்.

ஆசிரியர் இப்பயணத்தை விரும்பியதற்குக் காரணம் இந்த வரலாற்றினுள் இருந்தது. அவருடைய தந்தையார் பகாவை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943இல் அவருக்கு வயது 18. சயாமுக்கு ஆள் பிடிக்க வண்டி வருகிறது என்ற செய்தி எட்டிய இரவில், லயத்தின் பின்கதவு வழியே இறங்கி, எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடிவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. விழுந்து கிடந்தவரைக் காட்டு மக்கள் கண்டெடுத்தனர். படகில் ஏற்றி, கால் நாட்டிக் கட்டிய தம் வீட்டுக்குக் கொண்டுசென்று, மரவள்ளிக் கிழங்கும் மீனும் தந்து காப்பாற்றினர். ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. போர் முடிந்ததும் அவர்களே கொண்டுவந்து தோட்டத்து எல்லையில் விட்டுச் சென்றனராம். எந்த ஊர், எந்த இனத்தார், யார் பெயர் என்ன என்பவை அவருக்குத் தெரியா. அவர் நினைவில் நின்றவை இரண்டே: தண்ணீர் பாலிடாத தே ஓ நிறத்தில் இருந்தது, கரையெல்லாம் தாழங்காடு. நன்றி சொல்ல ஒருமுறை போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், போகாமலே 1989இல் காலமானார்.

தாழை கடற்கரையில் வளர்வது என்று படித்திருந்த இளைஞருக்கு இதில் ஐயம் இருந்தது. "ஐயா, நெய்தல் நிலத்துத் தாழை காட்டு ஏரியில் எப்படி வரும்? தாத்தா வேறெதையோ பார்த்திருப்பார்" என்றார். "இருக்கலாம் தம்பி. போய்ப் பார்த்துவிடுவோம்" என்று ஆசிரியர் கூறினார். அதற்குமேல் அவர் வாதிடவில்லை.

நள்ளிரவுக்குப் பின் பகாவ் நிலையத்தில் இறங்கியவர்கள், விடுதி எடுக்காமல், விடியும் வரை நிலையத்து விசிப்பலகையிலேயே சாய்ந்திருந்தனர். விடிந்ததும் ஓர் ஒட்டுக்கடையில் தோசை உண்டு பசியாறிய பின், வாடகை வண்டி பேசுதல் தொடங்கிற்று. இவ்வகைப் பயணத்தில் இரயில் கட்டணமும் உணவும் சிறு செலவு. இந்தக் கடைசி ஒரு மணி நேர வழியே கையைக் கடிப்பது. வண்டியோட்டி தமிழர். "தாசிக் பெராவா? அங்கே என்னங்க ஐயா இருக்கிறது? தண்ணீர்தானே!" என்று கேட்டார். பகாவிலேயே பிறந்து வளர்ந்தவர், சவாரிக்காக இருமுறை சென்றிருக்கிறார், வண்டியைவிட்டு இறங்கியதில்லை. ஆசிரியர் தம் தந்தையார் வேலை செய்த தோட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டதும் அவர் முகம் மாறியது. அவருடைய பாட்டனாரும் அதே தோட்டத்தவர். அதன்பின் பேரம் நடைபெறவில்லை. அவரே ஒரு தொகையைக் குறைத்துச் சொல்லி, மூன்றாம் நாள் காலை வந்து அழைத்துச் செல்வதாகவும் வாக்களித்தார்.

பகாவிலிருந்து செல்லும் வழி பழைமையான ஒரு வழியின் அருகே தொடங்குகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூவார் ஆற்றில் கலக்கும் ஜெம்போல் ஆறும், பெரா ஆற்றின் வழியே பகாங் ஆற்றைச் சேரும் செர்த்திங் ஆறும் இவ்வட்டாரத்தில் ஒன்றையொன்று மிக நெருங்குகின்றன. மேற்குக் கரையிலிருந்து படகில் வந்தோர் அந்தச் சிறு நிலத்தின்மீது படகை இழுத்துச் சென்று மறு ஆற்றில் இறக்கி, கிழக்குக் கரையை அடைந்தனர். இழுத்தல் என்னும் பொருளுடைய 'தாரிக்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்தே அவ்விடத்துக்குப் பெனாரிக்கான் என்ற பெயர் வந்தது. 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபின் சுல்தான் மாமுட் ஷா இவ்வழியாகவே பகாங் சென்றார் என்பர். தீபகற்பத்தைச் சுற்றிக் கடலில் செல்வதைவிட, காட்டுவழியே படகை இழுப்பது மேலென்று கருதிய காலம் அது. இன்று அதனை நினைவூட்டும் அடையாளத்தைத் தாண்டி வண்டிகள் நில்லாமல் ஓடுகின்றன.

கெடிஸ் தோட்டத்தைக் கடந்ததும் செம்பனை தொடங்குகிறது. பின்னர் ஏரியின் காட்டு விளிம்பு வரை செம்பனை முடிவதே இல்லை. 1956இல் நிறுவப்பட்ட பெல்டா என்னும் கூட்டரசு நிலவள மேம்பாட்டு வாரியம், நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் அளிக்கும் நன்னோக்கோடு இவ்வட்டாரத்திலும் பெருங்காடுகளைத் திருத்தியது. அதனால் வாழ்வு பெற்றோர் பலர். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நிலத்திலிருந்து வழியும் நீர் எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. தோட்டத்தில் இடும் உரமும், மழையில் கரையும் செம்மண்ணும் ஓடைகள் வழியே தாழ்ந்த நிலமாகிய ஏரியைத்தான் சென்று சேர வேண்டும். சத்து மிகுதியற்ற நீரிலேயே வாழப் பழகிய செடிகளுக்கும் மீன்களுக்கும் உரமே நஞ்சாகும். ஏரியைச் சரணாலயமாக்கினால் மட்டும் போதாது, அதைச் சூழ்ந்த மேட்டு நிலத்தையும் எண்ண வேண்டும் என்று அறிஞர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

வண்டி போஸ் இஸ்கந்தரில் நின்றது. அவசர காலத்தில், கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டு மக்கள் உணவளிக்காமல் தடுப்பதற்காக அரசு காடுகளில் சிறு கோட்டைகளை அமைத்தது. இஸ்கந்தர் கோட்டை அவற்றுள் ஒன்று. அதே 1948 முதல் 1960 வரையான காலத்தில்தான் தோட்டத்து லயங்களைச் சுற்றியும் முள்வேலி போடப்பட்டு, பாட்டாளிகள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டனர். காட்டிலிருந்தவரும் தோட்டத்திலிருந்தவரும் ஒரே காரணத்துக்காக வேலிக்குள் வந்தனர் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை.

இங்கே வாழும் செமலாய் மக்கள் இந்நாட்டுப் பூர்வகுடியினருள் ஒரு பிரிவினர். பதிவேட்டில் பெயர் எழுதிய பின், அம்மக்களுள் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் தங்க இடம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரைப் 'பாக் சிக்' என்றே இருவரும் அழைத்தனர். ஏரியைச் சுற்றிப் பார்க்க இயந்திரப் படகு உண்டு, கட்டணம் கூடுதல். துடுப்பால் வலிக்கும் மரப்படகுக்கு அதிற் பாதிக்கும் குறைவு. பையிலிருந்த பணம் எதைத் தேர்வது என்பதை முடிவு செய்துவிட்டது. பின்னர் நோக்கினால், அந்த வறுமையே அவர்களுக்கு வாய்த்த பேறு. இயந்திரத்தின் ஓசை கேட்டதும் மறைந்துவிடும் உயிர்களெல்லாம் துடுப்பின் ஓசைக்கு மறையவில்லை. பெரிய அலகுடைய மீன்கொத்தி கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருந்தது. இருவாய்ப் பறவை இறக்கையடித்துச் செல்லும் ஓசை, யாரோ ஈரத்துணியை உதறுவது போல் தலைக்குமேல் கேட்டது. காலையில் ஊங்காக் குரங்கின் நெடுங்குரல் ஒரு கரையில் எழ, மறுகரையிலிருந்து விடை வந்தது.

நீர் கறுத்திருந்தது. கையில் அள்ளினால் தே ஓவின் நிறம், முகர்ந்தால் மணமில்லை. உதிர்ந்த இலைகளும் மட்கிய மரங்களும் நீண்ட காலமாக ஊறி இறங்கிய சாறே அந்நிறத்துக்குக் காரணம். அதனால் நீரில் சிறிது புளிப்புத்தன்மையும் உண்டு. அடியில் கிடப்பது முற்றிலும் மட்காத தாவரப் பொருள்களின் கூட்டமாகிய கரிச்சேறு. மழைக்காலத்தில் அது பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்து, வறண்ட காலத்தில் சிறிது சிறிதாக விடுகிறது. வடிகால் வெட்டி அதனை உலர விட்டால் தீப்பற்றிக்கொள்ளும். பற்றினால் நிலத்துக்கடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். 1997இலும் 2015இலும் இவ்வட்டார நாடுகளை மூடிய புகைமூட்டத்தின் பெரும்பகுதி இத்தகைய நிலங்கள் எரிந்ததால் வந்ததே.

முதல் வளைவைத் திரும்பியதும் இளைஞர் பேச்சை நிறுத்திவிட்டார். இருகரையிலும் முள் விளிம்புடைய நீண்ட மடல்கள், நீருக்குள்ளிருந்து எழுந்த தண்டுகளின் மீது குடைகுடையாக விரிந்து நின்றன. தாழையேதான். கடற்கரைத் தாழையன்று, நன்னீரில் வளரும் அதன் உறவு. மலாயில் அதனை ரசாவ் என்பர். அதற்கிடையே இலையில்லாமல் கோல்போல் நிமிர்ந்து நின்றது கோரையினம் ஒன்று. பாய் முடைய அது பயன்படும் என்று பாக் சிக் கூறியதும், "கோரைப்பாய்" என்று ஆசிரியர் தமக்குள் சொல்லிக்கொண்டார். கோரைப்பாயில் உறங்கிய மக்கள் தாழையையும் கோரையையும் அறியாமலா இருப்பர்? பெயர் தெரியாத காட்டில் விழுந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, தனக்குத் தெரிந்த இரண்டொரு சொற்களால் அதை அடையாளப்படுத்தி வைத்திருந்தது. எனினும் இது சான்றாகிவிடாது. ரசாவும் கறுத்த நீரும் பகாங்கில் வேறு சதுப்புகளிலும் உண்டு. ஆசிரியரே அதனை இளைஞருக்கு நினைவூட்டினார்.

ஆகஸ்டில் நீர் தாழ்ந்திருந்தது. குறுகிய வாய்க்கால்களில் ரசாவின் வேர்கள் படகைப் பிடித்துக்கொண்டன. மூவரும் இடுப்பளவு நீரில் இறங்கி, "தாரிக்! தாரிக்!" என்ற பாக் சிக்கின் குரலுக்கேற்பப் படகை இழுத்தனர். சுல்தானுடைய பரிவாரமும் இப்படித்தான் இழுத்திருக்க வேண்டும் என்று இளைஞர் மூச்சிரைக்கக் கூறினார்.

இந்நீரில் வாழும் மீன்களுள் கெலிசா என்பது புகழ் பெற்றது. ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் அடக்கி, குஞ்சுகள் நீந்தப் பழகும் வரை காப்பது. செல்வந்தர் அதனை நற்பேறு தரும் மீனென்று கண்ணாடித் தொட்டியில் வளர்க்கத் தொடங்கியதும் அதற்குத் தீயபேறு பிடித்தது. வாயில் குஞ்சுகளோடு பிடிபடும் தந்தை மீன்களால் பிடித்தவர்க்கு இரட்டை வருவாய். இன்று காட்டுக் கெலிசாவை நாடு கடத்தி விற்பது உலக உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. தாம் சிறுவராக இருந்தபோது தூண்டிலிலேயே அது சிக்கும் என்றும், இப்போது அதைக் கண்டு பல ஆண்டுகளாயின என்றும் பாக் சிக் கூறினார்.

மேட்டு நிலத்தில் கெருயிங் மரம் ஒன்றை அவர் காட்டினார். அடிமரத்தில் பெட்டிபோல் ஒரு குழி குடையப்பட்டு, உள்ளே தீப்பட்டுக் கருகியிருந்தது. குழியில் ஊறும் எண்ணெயை எடுத்தபின், சற்றே நெருப்புக் காட்டினால் மீண்டும் ஊறும். படகின் இடுக்குகளை அடைக்கவும் பந்தம் கொளுத்தவும் விற்கவும் அவ்வெண்ணெய் பயன்பட்டது. செமலாய் மக்களின் இந்தப் பிசின் தொழிலைப் பற்றியே ரோஸ்மேரி ஜியானோ என்னும் மானிடவியலார் 1990இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பாக் சிக்கோ இப்போது காலையில் பால்மரம் வெட்டுகிறவர். ஆசிரியர் அவருடைய வெட்டுக் கத்தியை வாங்கி, இளமையில் தந்தையாருக்குத் துணையாகச் சென்று கற்ற முறையில், பட்டையைச் சீவும் சாய்வைக் காட்டினார். பாக் சிக் சிரித்துவிட்டு, "மிக ஆழம், மரத்துக்கு வலிக்கும்" என்று மலாயில் கூறிக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று உண்டு. செமலாய் மொழி பேசுவோர் சில ஆயிரவரே. அம்மொழி மலாயோடு உறவுடையதன்று. கெமர், மோன் ஆகியவற்றை உள்ளடக்கிய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் அஸ்லியன் கிளையைச் சேர்ந்தது. நிக்கோல் குருஸ்பே என்னும் மொழியியலார் அதற்கு விரிவான இலக்கணம் எழுதி, 2004இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியே வெளியிட்டார். தமிழ் சொல்லின் இறுதியில் விகுதிகளை ஒட்டி வளரும் மொழி. செமலாய் மொழியோ சொல்லின் முன்னும் நடுவிலும்கூட எழுத்துகளை நுழைத்துப் பொருளை வேறுபடுத்துகிறது. நிறம், ஒலி, அசைவு, உணர்வு ஆகியவற்றை அப்படியே கண்முன் நிறுத்தும் குறிப்புச் சொற்கள் அதில் தனி வகையாக உள்ளன. 'சலசல', 'மினுமினு' என்று தமிழ் இரட்டித்துக் கூறுவனவற்றை ஒருவாறு அவற்றோடு ஒப்பிட்டு நோக்கலாம். நீர்ச்செடிகளுக்கும் மீன்களுக்கும் மரங்களுக்கும் அம்மொழியில் உள்ள பெயர்கள், அம்மொழி மறைந்தால் ஏரியிலிருந்தும் மறைந்துவிடும். செடி இருக்கும், அதனை அறிந்தோர் இரார்.

இவ்வளவு வளமான மொழிக்குரியவர்களைத் தோட்டத்துத் தமிழர் எப்பெயரால் அழைத்தனர்? 'சக்காய்' என்று. அடிமை, ஏவலர் என்னும் இழிபொருள் ஏறிய அந்த மலாய்ச் சொல்லை, அதன் பொருள் அறியாமலே தமிழரும் எடுத்தாண்டனர். கருமையும் முரட்டுத்தனமும் உடைய பிள்ளையை ஏசுவதற்கும் அது பயன்பட்டது. தம்மை ஒருவர் 'கெலிங்' என்று அழைத்தால் உள்ளம் கொதிக்கும் தமிழர், தம் வாயிலிருந்த இச்சொல்லைக் குறித்து வருந்தியதாகத் தெரியவில்லை. ஆசிரியரின் தந்தையாரும், நன்றியோடு கண்கலங்கிக் கதை கூறும்போதும், "சக்காய்க்காரர்கள் இல்லாவிட்டால் நான் இல்லை" என்றே கூறுவாராம்.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் அரிசிச் சோறும், கருவாடும், பாக் சிக் பிடித்த தோமான் மீனும் பொது உணவாயின. பாக் சிக்கின் தாயார் உள்ளிருந்து வந்து அமர்ந்தார். எண்பதைக் கடந்த மூதாட்டி. மலாய் சிறிதே பேசுவார். மகன் இடையிடையே செமலாய் மொழியில் எடுத்துரைத்தார். ஆசிரியர் எழுந்து நின்று, பின்னர் அவருக்கெதிரே தரையில் அமர்ந்து, தந்தையாரின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஓடிவந்த இரவு, காய்ச்சல், படகு, கறுத்த நீர், தாழங்காடு எல்லாம் சொன்னார். அந்தத் தமிழ்ப் பிள்ளையை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

மூதாட்டி வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜப்பான் காலத்தில் நான் சிறுமி. ஓடிவந்தவர்கள் பலர். சீனர் வந்தனர். கெலிங் ஆள்களும் வந்தனர்" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வசையாக ஒலிக்கவில்லை. ஆற்றுக்கும் மரத்துக்கும் பெயர் சொல்வதுபோல் ஒலித்தது. இளைஞர் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர் அசையவில்லை. மூதாட்டி தொடர்ந்தார்: "சிலர் காய்ச்சலில் இறந்தனர். மேட்டில் புதைத்தோம். சிலர் தேறிப் போய்விட்டனர். பெயர் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். பெயர் தெரிந்தால், ஜப்பானியன் அடிக்கும்போது வாய் சொல்லிவிடுமாம். அதனால் யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது."

மழை வலுத்தது. பாக் சிக் எழுந்து கூரையின் ஒழுக்குக்கு அடியில் ஒரு வாளியை வைத்தார்.

"உன் அப்பா வீடு போய்ச் சேர்ந்தாரா?" என்று மூதாட்டி கேட்டார்.

"சேர்ந்தார் நேனேக். திருமணம் செய்துகொண்டார். நாங்கள் ஆறு பிள்ளைகள்."

"ஆறா?" மூதாட்டி தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, ஒரு கை போதாமல் மறுகையையும் எடுத்து, மகனிடம் ஏதோ கூறினார். இருவரும் சிரித்தனர். என்ன சொன்னார் என்று ஆசிரியர் கேட்டதற்கு, அம்மொழியில் சொன்னால்தான் சுவைக்கும் என்று பாக் சிக் மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, சொன்னபடியே வண்டி வந்தது. வண்டியோட்டி இம்முறை கீழே இறங்கி, ஏரிக்கரை வரை நடந்துபோய், காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை நனைத்தார். கையில் அள்ளிப் பார்த்து, "உண்மையிலேயே தே ஓதான்" என்றார். மூதாட்டி வாழையிலையில் கட்டிய அவித்த மரவள்ளிக் கிழங்கை இளைஞரிடம் கொடுத்தார். நவம்பரில் வந்தால் நீர் ஏறியிருக்கும், படகை இழுக்க வேண்டியிராது என்று பாக் சிக் கூறினார். ஆசிரியர் தம் நாட்குறிப்பில் நவம்பர்ப் பள்ளி விடுமுறையின் நாள்களைக் குறித்துக்கொண்டார்.